வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாடகை வருமானத்தை எண்ணி முதன்முறையாக வீடு வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டமும் வரியும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடிய கணக்கையும் நடைமுறையையும் மட்டுமே இங்கே பேசுகிறோம்.

கேள்வி: குடியிருக்க எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. சேமிப்போடு கடனும் சேர்த்து இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன். தரகர் காட்டிய வீட்டில் ஆண்டுக்கு 6 சதவீதம் வருமானம் வரும் என்கிறார். விலையில் 70 சதவீதம் வரை வங்கிக் கடனும் கிடைக்கும். மாதச் சம்பளக்காரனான நான் இதில் இறங்கலாமா?

பதில்: தரகர் பொய் சொல்லவில்லை, பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார். மீதியை நாம் போட்டுப் பார்ப்போம். எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதமும் தவறாமல் வாடகை வந்தால் ஆண்டுக்கு 6 கிடைக்கும். ஆனால் எந்த வீடும் ஆள் மாறும்போது கொஞ்ச நாள் பூட்டித்தான் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் என்று வைத்தால் 0.5 போய்விடும். பழுதுபார்ப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 ஒதுக்குங்கள். சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடி என்றால் அதன் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை 0.5 என்றும், ஆள் தேடும் தரகும் மேற்பார்வைச் செலவும் 0.3 என்றும் கொண்டால், கையில் நிற்பது 4.1 மட்டுமே. இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் வீட்டுக்கு உரிய எண்களை விசாரித்து இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றில் ஒன்றையும் சுழியம் என்று போட்டுவிடாதீர்கள்.

இனி மறுபக்கம். நீங்கள் கொடுப்பது 100 அல்ல. பத்திரப் பதிவு, தரகு, வழக்குரைஞர் கட்டணம், குடிவைக்கும் முன் செய்யும் சில்லறை வேலைகள் எல்லாம் சேர்ந்து 9 ஆனால், உங்கள் முதலீடு 109. நிகர வருமானம் 4.1 என்பதை 109ஆல் வகுத்தால் 3.76 சதவீதம் வருகிறது. தரகர் சொன்ன 6க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மலைக்க வேண்டாம்; அநேகமாக எல்லா வாடகை வீடுகளிலும் இப்படி ஓர் இடைவெளி இருக்கும், வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கடனைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. ஆண்டு வட்டி 9 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டுகள் என்று கொண்டு 70 கடன் வாங்கினால், ஆண்டுக்கு 7.56 தவணையாகக் கட்ட வேண்டும். வாடகை தருவதோ 4.1. மீதி 3.46 ஆண்டுதோறும் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். முதல் ஆண்டில் கட்டும் 7.56இல் ஏறத்தாழ 6.25 வட்டிக்கே சென்றுவிடும். அசலில் குறைவது 1.3 மட்டுமே. பத்தாண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டிய பிறகும் வாங்கிய கடனில் 71 சதவீதம் அப்படியே நிற்கும். மாறாக, கடனை 35ஆகக் குறைத்துக்கொண்டால் ஆண்டுத் தவணை 3.78 ஆகும், நிகர வாடகை அதைத் தாங்கிவிடும், உங்கள் சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை.

கடன் வாங்கி முதலிட்டால் வருமானம் பெருகும் என்று சொல்வார்கள். கடன் வட்டியைவிட வீட்டின் நிகர வருமானம் அதிகமாக இருந்தால்தான் அந்தப் பேச்சு பொருந்தும். 9 சதவீத வட்டிக்கு வாங்கிய பணத்தை 3.76 சதவீதம் தரும் இடத்தில் போட்டால், கடன் கூடக் கூட இழப்புதான் கூடும். விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம்; ஏறினாலும் அந்த ஏற்றம் மாதத் தவணையைக் கட்டித் தராது. என் கருத்தில், விலை பத்தாண்டுகளுக்கு அசையாமல் நின்றாலும் சமாளிக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுப்பதே புதிதாக இறங்குபவருக்குப் பொருத்தம். இந்தக் கணக்கைப் பேரம் பேசும்போதும் பயன்படுத்தலாம்: விற்பவர் சொல்லும் விலைக்கு எவ்வளவு வாடகை வரும் என்று கேட்பதற்குப் பதிலாக, வருகிற வாடகைக்கு எந்த விலை தகும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணோடு பேச உட்காருங்கள்.

கேள்வி: மாத வாடகை, வீட்டின் விலையில் 1 சதவீதமாவது இருந்தால்தான் வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகப் படித்தேன். அப்படி ஒரு வீடுகூட என் கண்ணில் படவில்லையே?

பதில்: அமெரிக்க முதலீட்டாளர்களிடையே புழங்கும் கைக்கணக்கு அது. நிறைய வீடுகளை விரைவாக வடிகட்டுவதற்கு உதவுமே தவிர, அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. உலகின் பல பெருநகரங்களில் ஆண்டு வாடகையே விலையில் 3 அல்லது 4 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அங்கே இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் எதையும் வாங்க முடியாது. இன்னொரு பக்கம், இந்த விதிக்குள் எளிதாக அடங்கும் வீடுகளில் பல, விலை மலிவாக இருப்பதால்தான் அடங்குகின்றன. அந்த மலிவுக்கு ஆள் வராத பகுதி, பழுதான கட்டடம், தெளிவில்லாத பத்திரம் என்று ஏதேனும் காரணம் இருக்கும். முந்தைய பதிலில் காட்டிய நிகரக் கணக்கு சற்று நீளமானதுதான், ஆனால் அதற்கு மாற்று இல்லை.

கேள்வி: புதிய அடுக்குமாடி வீடு ஒன்றையும், கொஞ்சம் பழைய தனி வீடு ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் அடுக்குமாடி வீடுதான் பிடித்திருக்கிறது. எதை எப்படிச் சோதித்து வாங்குவது?

பதில்: உங்கள் இருவருக்கும் பிடித்திருப்பது இங்கே அவ்வளவாகப் பொருட்டல்ல, அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை. அந்தப் பகுதியில் வாடகைக்கு வருகிறவர்கள் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மாணவர்களும் தனியாக வேலை பார்ப்பவர்களும் வரும் இடத்தில் நான்கு அறைகள் கொண்ட பெரிய வீடு முழுதாகப் போவது கடினம். பள்ளிகளைச் சுற்றிக் குடும்பங்கள் தேடி வரும் இடத்தில் ஓரறை வீட்டுக்கு ஆள் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார்கள். வாடகைக்கு என்று பலகை தொங்கும் வீடுகளை எண்ணிப் பார்த்து, அவை எத்தனை நாளாகத் தொங்குகின்றன என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விளம்பரங்களில் இருப்பது கேட்கும் வாடகை. குடியிருப்பவர்களிடம் விசாரித்தால்தான் கொடுக்கும் வாடகை தெரியும்.

கட்டடத்தை ஒருமுறை பகலில் பார்த்தால் போதாது. மழை பெய்த மறுநாள் போய் மொட்டைமாடியில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, கூரையின் அடியில் எங்கே கறை படிந்திருக்கிறது என்று பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், அண்மையில் பூசிய வண்ணம் அதை மறைத்திருக்கக்கூடும். தரையை ஒட்டிய பகுதியைக் கையால் தடவிப் பார்த்தால் பூச்சு பொரிந்து உதிரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நீரின் வேகத்தையும் வடிகால் இழுப்பதையும் கவனியுங்கள். மின் இணைப்பில் எர்த் முறையாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்பதை ஒரு மின்பணியாளரை அழைத்துச் சென்று பார்ப்பது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது. மாலை நேரத்தில் ஒருமுறை போனால் இரைச்சலும், வண்டி நிறுத்த இடமும், தெருவிளக்கும் எப்படி என்று தெரிந்துவிடும்.

அடுக்குமாடி என்றால் இன்னொன்றும் உண்டு. மின்தூக்கி, வெளிப்பூச்சு, தண்ணீர்த் தொட்டி போன்ற பொதுச் செலவுகளுக்குக் குடியிருப்போர் சங்கத்திடம் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேமிப்பே இல்லாத சங்கத்தில், பெரிய பழுது வரும் நாளில் ஒவ்வோர் உரிமையாளரிடமும் ஒரே தடவையாகப் பணம் கேட்பார்கள். தனி வீட்டில் அந்தச் செலவு முழுவதும் உங்களுடையது. ஆனால் எப்போது, எப்படிச் செய்வது என்ற முடிவும் உங்களுடையது. பத்திரம், வில்லங்கம், கட்டட அனுமதி ஆகியவற்றை விற்பவரோ தரகரோ ஏற்பாடு செய்த வழக்குரைஞரிடம் விடாமல், நீங்களே அமர்த்தும் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்து வாடகையைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கேட்டேன். மூன்று மாதமாக வீடு காலியாகவே இருக்கிறது. நல்ல வீடுதானே, இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண வாடகை 100 என்றால் நீங்கள் கேட்பது 110. காத்திருந்த மூன்று மாதத்தில் 300 போய்விட்டது. நாளையே 110க்கு ஆள் வந்தாலும், மாதம் 10 வீதம் அதை ஈடுகட்ட 30 மாதம் ஆகும். அதற்குள் அவர் காலி செய்துவிட்டால் அதுவும் கிடையாது. முதல் இரண்டு வாரங்களில் நியாயமான எண்ணிக்கையில் ஆட்கள் வந்து பார்த்தும் ஒருவரும் பேச்சைத் தொடரவில்லை என்றால் வாடகையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. பார்க்கவே யாரும் வரவில்லை என்றால் வாடகைத் தொகைதான் அவர்களைத் தொலைவிலேயே தடுக்கிறது, அல்லது விளம்பரம் சரியில்லை. ஆள் போன பிறகு தேடத் தொடங்குவதைவிட, காலி செய்வதாக அவர் சொன்ன அன்றே தேடத் தொடங்கினால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கேள்வி: என் நெருங்கிய உறவினர் ஒருவர் வீட்டைத் தனக்கே வாடகைக்குத் தரும்படி கேட்கிறார். ஒப்பந்தம் என்று பேச்செடுத்தாலே, நமக்குள் எதற்கு அதெல்லாம் என்று வருத்தப்படுகிறார். வெளியாளுக்குக் கொடுத்தால் அவர் நல்லவரா என்று எப்படித் தெரியும்? வழி சொல்லுங்கள்.

பதில்: உறவினருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஒப்பந்தமில்லாமல் கொடுப்பதுதான் தவறு, அது உறவுக்கே கேடு. வாடகை எந்தத் தேதியில், எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு, எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை எழுத்தில் இல்லாதபோது, ஒவ்வொரு சிறு மனத்தாங்கலும் குடும்பப் பேச்சாக மாறிவிடும். வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும் என்று சொல்லி ஒப்பந்தம் போடுங்கள், அது உண்மையும்கூட. அதற்கும் அவர் இசையவில்லை என்றால், வாடகை நின்றுபோகும் மாதத்தில் அவரிடம் உங்களால் கேட்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் இப்போதே பணிவாக மறுத்துவிடுவது இருவருக்கும் குறைந்த வலி.

வெளியாளைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்றே: வாடகையைக் கட்ட அவரால் முடியுமா, இதற்கு முன் இருந்த வீட்டை ஒழுங்காக வைத்திருந்தாரா, ஒரு சிக்கல் வந்தால் வாய்விட்டுச் சொல்பவரா. வாடகை அவருடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. பாதியைத் தொட்டால் ஒரு மருத்துவச் செலவு வந்தாலே வாடகை தடுமாறும். அவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட, அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். இப்போதைய வீட்டுக்காரர், தொல்லை விட்டால் போதும் என்று புகழ்ந்து பேசக்கூடும்; முந்தையவருக்கு அந்தத் தேவை இல்லை. பிறப்பையும் மத நம்பிக்கையையும் பார்த்து ஆளைத் தள்ளுவது பல நாடுகளில் சட்டத்துக்கு எதிரானது. முதலீட்டாளர் என்ற அளவில் பார்த்தாலும், வாடகையை ஒழுங்காகக் கட்டக்கூடியவர்களில் பலரை நீங்களே வாசலில் திருப்பி அனுப்புகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையையும் சுற்றிப் பார்த்து, சுவர், தரை, கதவு, குழாய், மின்விசிறி ஆகியவற்றின் நிலையைத் தேதியோடு படம் எடுத்து, பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். மின் மீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தாள் இல்லாததால் வருபவை. முன்பணம் உங்கள் வருமானம் அல்ல, அவருடைய பணம். அதைச் செலவுக்கு எடுக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதற்குப் பல இடங்களில் சட்ட வரம்பு உண்டு, அதை முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் மோட்டார், குழாய்க் கசிவு, கதவுப் பூட்டு என்று மாதம் ஒருமுறை அழைக்கிறார். அவரே சரி செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிடலாமா?

பதில்: கட்டடத்தோடு சேர்ந்தவை, காலப்போக்கில் தேய்பவை ஆகியவற்றின் பழுது உங்கள் பொறுப்பு. கவனக்குறைவால் உடைந்தவை அவர் பொறுப்பு. வெயிலில் வெளிறிய வண்ணத்துக்கும் பல ஆண்டு நடந்து மங்கிய தரைக்கும் அவரிடம் பணம் கேட்க முடியாது. ஆணி அடித்துப் பெயர்த்த சுவருக்குக் கேட்கலாம். மோட்டாரும் கசிவும் முதல் வகை என்பதால் செலவு உங்களுடையதே. அடிக்கடி அழைக்கும் ஆளைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதைவிட, அழைக்காத ஆளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஒரு குழாய்க் கசிவைச் சொல்லத் தயங்கி ஓராண்டு விட்டுவிட்டால், இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும் அளவுக்குப் போகக்கூடும். அப்போது ஆகும் செலவில் நூறு வாஷர்கள் வாங்கலாம்.

இந்தச் செலவுகளுக்குத் திடுக்கிடாமல் இருக்க, அவற்றின் ஆயுளை வைத்து மாதந்தோறும் ஒதுக்குவதே முறை. தொட்டி வகை வெந்நீர்க் கருவி 8 முதல் 12 ஆண்டுகள் வரை உழைக்கும். அது பத்தாண்டில் மாறும் என்று கொண்டால், அதன் விலையில் 120இல் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் செலவாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். பில் மட்டும் பிறகு வரும். மொட்டைமாடி நீர்த்தடுப்புப் பூச்சு, வெளிச்சுவர் வண்ணம், மோட்டார் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இதற்கு மேல், தவணை உட்பட ஆறு மாதச் செலவைத் தாங்கும் தொகை ஒன்று எப்போதும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். பழுதுபார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அவருடைய குடும்பம்.

கேள்வி: அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். கையில் வரும் தொகை முழுவதையும் போட்டுக் கடனில்லாமல் ஒரு வீடு வாங்கி, வாடகையில் வாழலாம் என்று எண்ணுகிறேன்.

பதில்: கடனில்லாமல் என்பது நல்லது, முழுவதையும் என்பதுதான் இடிக்கிறது. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது, முழு வீட்டையும் விற்க ஆள் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். ஒரே வீடு, ஒரே குடித்தனம் என்றால் அவர் காலி செய்யும் மாதத்தில் உங்கள் வருமானம் குறைவதில்லை, சுழியமாகிறது. குறைந்தது இரண்டு ஆண்டு வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்துவிட்டு, எஞ்சியதற்குள் வாங்க முடிகிற சிறிய வீட்டைத் தேடுங்கள். அப்படியொன்று கிடைக்கவில்லை என்றால் வேறு முதலீட்டைப் பாருங்கள்.

கேள்வி: முதல் வீட்டுக்குச் சென்ற மாதம்தான் ஆள் வந்தார். மாறும் வட்டியில் இன்னொரு கடன் தர வங்கி முன்வருகிறது. சூட்டோடு சூடாக இரண்டாவதையும் வாங்கிவிடலாமா?

பதில்: வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று வங்கி அதிகாரியிடம் கேட்டால், தவணையைக் கூட்ட மாட்டோம், காலத்தைத்தான் நீட்டுவோம் என்று அவர் சொல்லக்கூடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. முன்பு பார்த்த 20 ஆண்டுக் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 9இலிருந்து 11 சதவீதமாக உயர்ந்தால், பழைய தவணைத் தொகை அந்த மாத வட்டிக்கே போதாது. எத்தனை ஆண்டு நீட்டினாலும் கடன் அடையாது. தவணையை ஏறத்தாழ 15 சதவீதம் கூட்டியே ஆக வேண்டும். வாடகையோ ஒப்பந்தக் காலம் முடியும்வரை அசையாது. ஒரு வீட்டில் இதைச் சம்பளத்தால் தாங்கலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் நடந்தால், இரண்டு வீடுகளில் ஒன்றை அவசரத்தில் விற்க நேரும். முதல் வீட்டின் வரவையும் செலவையும் தனி வங்கிக் கணக்கில் ஓராண்டு நடத்துங்கள். ஒருமுறையாவது ஆள் மாறி, ஒரு பெரிய பழுதும் வந்துபோன பிறகு அந்தக் கணக்கில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, இரண்டாவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: நான் குடியிருந்த வீட்டையே வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடம் போகிறேன். ஏற்கெனவே வீட்டுக் காப்பீடு இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதும் என்று எண்ணிவிடாதீர்கள். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்த காப்பீடு, வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் விதி இருக்கிறது. வீடு தொடர்ந்து சில வாரங்கள் பூட்டிக் கிடந்தாலும் பாதுகாப்பு குறைந்துவிடக்கூடும். குடிவைக்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கான காப்பீடு குடியிருப்பவரின் பொருட்களுக்குப் பொருந்தாது என்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால், வாடகைக்கு விடுவதற்கு வங்கியின் ஒப்புதல் தேவையா என்று கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கவும்.